மேலே செங்கல் வைத்தால் ஷீட் பறக்காதா? மதுரை வீடுகளுக்கு இரும்புப் பட்டா ஏன் தேவை?

‘ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்’ என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, மதுரையில் தகர ஷீட் பறக்கும். அதுவும் ஆடி வரை காத்திருக்காது. சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்திய நாளின் மாலையில், இடியோடு வரும் சூறைக்காற்று பத்து நிமிடம் அடித்தாலே போதும். மொட்டை மாடி ஷெட், மாட்டுக் கொட்டகை, வாடகை அறையின் கூரை எல்லாம் பெயர்ந்துவிடும். பறந்து வரும் ஷீட் ஆள்மீது பட்டால் உயிருக்கே ஆபத்து.

மதுரைக்குத்தான் புயல் வராதே?

கடலோரம் அளவுக்கு வராது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 875, பகுதி 3) சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மதுரைக்கு 39 மீட்டர். குறைவுதான், ஆனால் இதுவே மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலும், உள்மாவட்டங்களைக் கலங்கடித்துவிட்டுத்தான் கேரளம் பக்கம் போனது.

காற்று கூரையை அழுத்துமா, தூக்குமா?

பெரும்பாலும் தூக்கும். கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. கதவு, ஜன்னல் வழியே உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ. 10-க்கு 20 அடி கூரை முழுவதும் இந்த அளவு இழுபட்டால், மொத்தம் சுமார் 870 கிலோ. அந்தக் கூரையில் போடும் அரை மி.மீ. தகர ஷீட்டின் எடையோ 100 கிலோகூட வராது.

‘ரெண்டு செங்கல், ஒரு மணல் மூட்டை வைங்க, போதும்’ என்பது ஏன் வேலைக்கு ஆகாது என்று இப்போது புரியும். ஷீட் கிளம்பினால் அந்தச் செங்கலும் சேர்ந்து தலையில் விழும்.

பட்டா என்ன செய்யும்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி வீடுகளைச் சூறையாடியது. அதன்பிறகு அங்கே கட்டட விதிகள் கடுமையாயின. கைமரத்தைச் சுவர்ச் சட்டத்தோடு இணைக்க, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டாவை வளைத்து அடிக்கிறார்கள். வெறும் ஆணியைக் காற்று நேராக மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டாவில் ஆணி பக்கவாட்டில் நிற்பதால் அவ்வளவு லேசில் வராது.

நம் ஊருக்கும் கணக்கு ஒன்றுதான். ஷீட், குறுக்குச் சட்டம், தூண், சுவர், அஸ்திவாரம் எல்லாம் ஒரே சங்கிலி. எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் அறும்.

நம்ம வீட்டில் எதைப் பார்க்கணும்?

• ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். பெரிய வாஷர் அவசியம். இல்லாவிட்டால் ஸ்க்ரூ நிற்கும், ஷீட் கிழிந்து போய்விடும்.

• ஜே வடிவக் கொக்கி இழுவையில் நிமிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் நட்டு முடுக்கும் யூ போல்ட் நல்லது.

• மாடி ஷெட்டின் தூணைத் தட்டோட்டில் மட்டும் போல்ட் அடித்து நிறுத்தினால் பிடிமானம் இருக்காது. போல்ட் கான்கிரீட் தளத்துக்குள் இறங்க வேண்டும். ஒழுகும் என்று பயந்து இதைத் தவிர்க்காதீர்கள். துளையைச் சுற்றி நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டால் போதும்.

• ஓட்டு வீட்டில் கைமரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பட்டாவின் ஒரு முனையைச் சுவரின் கான்கிரீட் பெல்ட்டிலும் மறுமுனையைக் கைமரத்திலும் பிணைக்க வேண்டும்.

• துருப்பிடித்த போல்ட்டை நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனி முடிவதற்குள் பார்த்து மாற்றிவிடுங்கள். காற்று அடிக்கும்போது ஷீட்டைப் பிடிக்க மாடி ஏறவே கூடாது.

வீடு கட்டும்போதே கொத்தனாரிடமும் வெல்டரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கூரையைப் பிடித்து மேலே இழுத்தால், கடைசியில் எது தாங்கும்?’ ‘அஸ்திவாரம்’ என்று பதில் வர வேண்டும்.