ஓடைக்கரைத் தூக்கணாங்குருவி



பருவமழைக் காலத்தில் ஓடைக்கரைப் பனைமரங்களை அண்ணாந்து பாருங்கள். சுரைக்குடுக்கை மாதிரிக் கூடுகள் தொங்கும். பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான். மேல்காற்றும் சாரலும் அங்கே குறைவு. பனை இல்லாத இடத்தில், தண்ணீர்மேல் சாய்ந்த கருவேல மரத்தில் கட்டும். சுற்றிலும் முள், கீழே தண்ணீர். பாம்புக்கும் காக்கைக்கும் எட்டுவது சிரமம்.

காலை நேரத்தில் 20 தப்படி தள்ளி, அசையாமல் உட்கார்ந்து கவனியுங்கள். கூடு கட்டுவது ஆண் குருவி. உச்சந்தலை மஞ்சள், முகம் கறுப்பு. நெல் தாளையோ பனையோலையையோ ஓரத்தில் அலகால் வெட்டி, பறந்தபடியே நார் கிழிக்கும். ஒரு கூட்டுக்கு 500 நடைகூடப் போய்வரும். முடிக்க ஏறக்குறைய 18 நாள் ஆகும்.

கூடு பாதி வளர்ந்து கவிழ்த்த தொப்பிபோல ஆனதும், ஆண் குருவி இறக்கையடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து பார்த்துச் சம்மதித்த பிறகுதான் முட்டை அறையும், கீழ்நோக்கிய குழல் வாசலும். பிடிக்கவில்லையென்றால் கூடு அரைகுறையாகவே நிற்கும். சம்மதம் கிடைத்து ஒரு கூட்டை முடித்த ஆண், அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணையும் அழைக்கும். இதை சாலிம் அலி 1930-ல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற ஊரில் கவனித்து எழுதினார். முட்டை இரண்டு முதல் நான்கு. அடைகாப்பது பெண்.

கூட்டுக்குள்ளே களிமண் அப்பியிருக்கும். அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கிறது என்பது பாட்டிமார் கதை. காற்றில் கூடு அதிகம் ஆடாமலிருக்க அந்த மண் உதவும் என்பது பறவை அறிந்தவர்கள் கருத்து.

"அது சோளத்தைத் தின்கிறதே ஐயா!" என்பீர்கள். உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு விவசாயியிடம் கூடுகளைத் தட்டிவிடச் சொன்னேன். விழுந்த கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள். தாய்க்குருவி அலகில் வெட்டுக்கிளியோடு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. என் யோசனை தப்பென்று அன்றைக்குப் புரிந்தது. குஞ்சு வளர்க்கிற காலத்தில் அது நம்ம வயல் பூச்சியையும் புழுவையும்தான் நிறையப் பிடிக்கிறது.

ஆகவே கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுவடைவரை, காலையும் மாலையும் காவல் போடுங்கள். பளபளக்கும் நாடாவைக் காற்றில் படபடக்கும்படி கட்டுங்கள். கூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அழகுக்காக வீட்டில் மாட்ட ஆசையென்றால், குஞ்சு பறந்து, கூடு காலியான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, கரைப் பனையை வெட்டாதீர்கள். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. மரம் நின்றால் கரை நிற்கும், குருவியும் நிற்கும்.