தவணைக்கு முன் பெருக்கிப் பாருங்கள்!

ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி, போன வருஷம் லைசென்ஸ் எடுத்த கையோடு, 'வாங்கினால் 350 சி.சி., புல்லட்தான்' என்று ஒற்றைக்காலில் நின்றான். முன்பணத்துக்கு அம்மா தக்காளி விற்றுச் சேர்த்த பணம். மீதி ஒரு லட்சம் கடன்.

கடன் தருபவர், '12 சதவீத வட்டி, மூன்று வருஷம், மாதம் 3,778 ரூபாய்' என்றார். நான் பத்தாவதுதான். ஆனாலும், மளிகைக் கணக்கு போட்ட கை சும்மா இருக்குமா? 36 மாதத்தால் பெருக்கினேன். வட்டி மட்டுமே 36,000!

வங்கியில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால், அதே 12 சதவீதத்துக்கு 3,321 ரூபாய்தான் தவணை. இவரோ, கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார். இதற்கு 'பிளாட் வட்டி' என்று பெயராம். வித்தியாசம் 16,000 ரூபாய்க்கு மேல்!

ஷோரூமில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் திருப்பச் சொன்னேன். 195 கிலோவாம், திணறிப் போனான். "ஆறு மாசம் அப்பாவோட பழைய வண்டியில பழகு. தவணைப் பணத்தை போஸ்ட் ஆபீஸ்ல கட்டு" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாலும், மாதம் 3,700 கட்டினான். 22,200 சேர்ந்தது; கையும் பழகியது. அப்புறம், குறைந்த கடனில், குறையும் வட்டிக்கு வண்டி எடுத்தோம். அம்மா பணத்தில் கை வைக்கவில்லை.

தோழியரே, 'என்ன வட்டி' என்பதோடு நிறுத்தாமல், 'மொத்தம் எவ்வளவு கட்டணும்' என்றும் கேளுங்கள்!

- ஒரு வாசகி, பாலக்கோடு.