வெட்டும் முன் ஒரு பிடி கோலமாவு

மாட்டுங்காவில் எங்கள் கட்டிட வாசலில் நிற்கும் பழைய செவ்ரலே பிக்கப்பைப் பார்க்கும் சங்க அன்பர்கள், "இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்பதுண்டு. ஓடுகிறது. ஆனால் 2022-ல் அதற்கு நான் செய்த கைங்கர்யத்தைச் சொன்னால், பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது. எங்களுடையது 1953 மாடல். அப்பா 1968-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கி, தாதர் மார்க்கெட்டிலிருந்து மெஸ்களுக்குக் காய்கறியும் வாழையிலையும் ஏற்றியே எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்.

வண்டிக்கு உரிய டயர் 6.00-16. அதாவது அகலம் சுமார் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம். எனக்கோ அகல ரேடியல் டயர் மேல் ஆசை. 15 அங்குல ரிம்மும் 235/75 டயரும் வாங்கி மாட்டினேன். கிங்ஸ் சர்க்கிளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது முன்பக்கம் 'கர்ர்' என்று சத்தம், ரப்பர் கருகும் வாடை. டயர் மட்கார்டில் உரசியது.

குர்லாவில் ஒரு டிங்கரிங் மிஸ்திரி, "இரண்டு அங்குலம் வெட்டினால் சரியாகிவிடும்" என்றார். பத்து நிமிடத்தில் இடது மட்கார்டின் வளைவை மேலே வெட்டியெடுத்தார். வெட்டிய பட்டையை ஏனோ பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன். உரசல் மட்டும் நிற்கவில்லை.

அப்பாவுக்கு அப்போது 84 வயது. மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "டயரை மாத்தறதை விட்டுட்டு வண்டியை எதுக்குடா வெட்டினே?" என்றார்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டேன். புது டயரின் உயரம் 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய பழைய டயரின் உயரமேதான். அகலமோ 9¼ அங்குலம். பக்கவாட்டில் இல்லாத இடத்தை மேலே வெட்டித் தேடியிருக்கிறேன்!

அன்று மனைவி ஒரு யோசனை சொன்னாள். மட்கார்டின் உள்விளிம்பில் ஈரக் கோலமாவைப் பூசி, பின்னால் ஆறு அரிசி மூட்டை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, வேகத்தடையிலும் ஓட்டினேன். மாவு அழிந்த இடம்தான் உரசும் இடம். பெரும்பாலும் அது உள்மடிப்பு. அந்த மடிப்பைச் சூடு காட்டி மரச்சுத்தியால் மெல்ல மேலே படிய வைத்தாலே கொஞ்சம் இடம் கிடைத்துவிடும். பின் மட்கார்டு போல்ட்டில் நிற்பது; பெட்டிக்கும் அதற்கும் இடையே கட்டை கொடுத்து வெளியே தள்ளலாம். வெட்டுவது கடைசி வழி.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைக் கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. தவிர, 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு வேண்டுமானால் சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. வெட்டிய பிறகுதான் இதைப் படித்தேன்.

பழைய ரிம்களையே மாட்டி, ஜீப்புக்கு வரும் 6.00-16 டயர்களை வாங்கினேன். பத்திரமாக வைத்த பட்டையை வைத்து வெல்டிங் செய்து, பெயிண்டும் அடித்தாயிற்று. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே விரல் விட்டால் தழும்பு தட்டும்.

வண்டி அப்பா பெயரில் இருப்பதால், விண்டேஜ் பதிவு விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"அசல் வண்டிதான்னு நான் எப்படிடா சொல்லுவேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.