தொட்டி மூங்கிலுக்குப் புதுத் தொட்டி

பழனி மலைத்தொடரைத் தெற்கே கண்டு வாழும் நெய்க்காரப்பட்டி மக்களுக்கு மூங்கில் புதியதன்று. கூடையும் முறமும் ஏணியும் அதனால் ஆனவை. எஃகுப் பண்ணை வருமுன், தறியில் பாவிழைகளைப் பிரித்து நிறுத்திய பண்ணைப் பற்களும் மூங்கிற் சிம்புகளாக இருந்தன. அம்மூங்கில் இன்று தொட்டியிலேறித் திண்ணைக்கு வந்துவிட்டது. வந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் இலை வெளிறி வாடுவதேன் என்பதே கேள்வி.

முதலில் வீட்டிலிருப்பது மூங்கில்தானா என்று பார்த்தல் வேண்டும். கண்ணாடிக் குவளையில் கூழாங்கற்களிடையே நிறுத்தி 'அதிர்ஷ்ட மூங்கில்' என விற்பது மூங்கிலன்று. டிரசீனா என்னும் ஆப்பிரிக்கச் செடியாகும். மூங்கிலோ புல்லினம், நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. இவ்வேறுபாடறியாமல் டிரசீனாவின் வேரையும் அரிவாளால் கழித்து, நாள்தோறும் நீர் வார்த்து, ஒரே மாதத்தில் அதனை அழுகக் கொடுத்தவன் யான். ஆதலின் அழுத்திச் சொல்கின்றேன்.

மெய்யான மூங்கில் மண்ணுக்குள் கிழங்கு போன்ற அடித்தண்டை விட்டுப் பெருகுவது. ஒவ்வொரு கழியும் முளைத்த பருவத்திலேயே முழு உயரம் எய்திவிடும், பின்னர்ப் பருக்காது. ஆகவே செடி வளர்வதென்பது புது முளை வருவதே. தொட்டி வேரால் நிறைந்துவிட்டால் முளைக்கு இடமேது? வார்த்த நீர் மண்ணில் தங்காமல் அடித்துளை வழியே உடனே ஓடுவதும், நண்பகலில் இலை சுருள்வதும் இதன் அடையாளங்கள்.

மாற்றும் பருவம் முக்கியம். ஆடிக் காற்றில் மாற்றினால் இலை உலர்ந்துவிடும். காற்று அடங்கிய ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ மாற்றினால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல்நாள் நன்றாக நீர் விட்டு, மறுநாள் தொட்டியைச் சாய்த்துத் தட்டி, குத்தைக் கலையாமல் எடுக்க வேண்டும். சுற்றிச் சுருண்ட வேர்களைக் கழிக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டா. குத்து பெரிதாயின், மூன்று கழிகளேனும் ஒரு துண்டில் இருக்குமாறு கூரிய வாளால் பிரிக்கலாம். ஒற்றைக் கழியாகப் பிரித்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

புதுத் தொட்டி பழையதினும் இரண்டு அங்குலம் அகன்றிருந்தாற் போதும். செம்மண் இரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்து, முன்னிருந்த ஆழத்திலேயே நடுக. தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர் மட்கியதையே சேர்க்கட்டும். பச்சை நார்க்கழிவு வேருக்குத் தீங்கு. எஞ்சிய துண்டைக் கிணற்றடியில் நடலாம். வரப்பில் நட்டால் பங்காளி நிலத்திற்கும் அது பங்கு கேட்கும்!

டிரசீனாவுக்கு இத்துணைப் பாடில்லை. நீரிலிருந்து மண்ணுக்கு மாற்றுவோர் வேரை வெட்டாது, வடிகாலுள்ள சிறு தொட்டியில் வைத்து, மேல்மண் உலர்ந்தபின் நீர் விடுதல் போதும். இலைநுனி கருகுதல் நீரின் குற்றமாகவும் இருக்கலாம். புளூரைடு இச்செடிக்கு ஆகாது. திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் அது மிகுதி. பிடித்து வைத்த மழைநீர் நன்று. இலையை ஆடு, நாய், பூனை தின்ன விடலாகாது.

மாற்றிய மூங்கிலை இரு வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில் படும் திண்ணையோரம் நகர்த்துக. சில பழைய இலைகள் உதிரும், அஞ்ச வேண்டா. மழை பிடித்த சில வாரங்களில் மண்ணைக் கீறிக்கொண்டு கூர்நுனி முளை எழும். அதனை விரலால் தொட்டுப் பார்க்கக் குழந்தைகளை விடாதீர், எளிதில் முறிந்துவிடும்.