உத்திரமேரூர்க் கல்லில் ஒரு சட்டம்



ஆள்பவரையும் கட்டுப்படுத்த வேண்டும், அந்தக் கட்டுப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படை. அது வரையப்பட்ட ஆண்டு 1787. அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் இதே எண்ணம் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளவை முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். ஆண்டுகள் 919, 921. ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊரின் உட்பிரிவுகள். குடும்புதோறும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். அதிலிருந்து ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, எல்லோரும் கேட்க வாசிப்பார். ஏரி, தோட்டம், ஆண்டு வாரியங்கள் எனப்பட்ட ஊர்க் குழுக்கள் இப்படித்தான் அமைந்தன.

921ஆம் ஆண்டு விதிப்படி உறுப்பினரின் வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். அமெரிக்க அதிபருக்கும் குறைந்தபட்ச வயது 35தான்! கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. அமெரிக்க அதிபராக இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்ற திருத்தம் 1951இல்தான் நடைமுறைக்கு வந்தது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை இருந்தது.

ஆனால் இந்த ஊர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பெண்களில் பெரும்பாலோருக்கும் அடிமைகளுக்கும் வாக்கில்லை. அனைவருக்கும் வாக்கு என்பது பிற்காலம் போராடிப் பெற்ற உரிமை.

பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிக்கு வருபவர்கள், பிள்ளைகளை உத்திரமேரூருக்கும் அழைத்துச் சென்று அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை என்பதை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.