மலைநாட்டு மின்னொளி (9): கம்பியின் கடைசி வீடு

பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குச் சென்று, 1976ஆம் ஆண்டு முதல் மின்சாரமாகப் பிறந்துவரும் வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். நதி மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல, மின்சாரமும் பெரிய நிலையத்திலிருந்து சிறிய வீட்டை நோக்கி ஒரே திசையிற் பாயும் என்ற நம்பிக்கையின்மேல்தான் நமது விநியோகக் கம்பிகள் யாவும் கட்டப்பட்டன. இன்று நமது கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளே அந்தத் திசையை மாற்றிவிட்டன.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில், பிங்கா ஓயாவை ஒட்டி நீண்டு கிடக்கும் அக்குறணைக் கடைவீதியை வெள்ளிக்கிழமை நண்பகலிற் பார்க்கவேண்டும். ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட, விளக்குகளும் விசிறிகளும் ஓய்ந்து, வீதியின் மின்தேவை தணிகின்ற அதே வேளையில், சூரியன் உச்சிக்கு வந்து கூரைத் தகடுகளை முழு வலிமையோடு இயக்குகிறான். அத்தகைய ஒரு நாளில், தொழுகை முடித்துத் திரும்பிய நண்பரோடு மேட்டேறி, கம்பி முடிகின்ற இடத்திலுள்ள அவர் வீட்டை அடைந்தபோது, தகடுகளின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வேர்ட்டரிற் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. "வெயில் கூடினா இது நின்டு போகுது" என்றார் அவர்.

காரணம் கம்பியின் தடையில் இருக்கிறது. 5 கிலோவாட் மின்சாரம் ஒற்றைக் கட்டத்திற் கம்பிக்குத் திரும்பினால் அது ஏறத்தாழ 22 அம்பியர். போகவர அரை ஓம் தடையுள்ள கம்பியில் அது 11 வோல்ட் உயர்வை உண்டாக்கும். மின்மாற்றியடியில் 238 வோல்ட் இருந்தால் கடைசி வீட்டில் 249 ஆகிவிடும். 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதமே நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட எல்லை. மின்னழுத்தம் அளவு மீறும்போது, இன்வேர்ட்டர் பாதுகாப்பின் பொருட்டுத் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது.

தேவை குறைய உற்பத்தி மிகும் ஊரின் இந்த நிலையே, வேறொரு வடிவில் நாட்டின் பிரச்சினையாகவும் விசுவரூபம் எடுத்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைந்து சூரிய உற்பத்தி மிகுந்திருந்த முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த இடையூறு நாடு முழுவதையும் மின்னின்றி நிறுத்தியது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது.

நிறுத்துவதைவிட நுட்பமான உபாயம் உண்டு. எங்கே எவ்வளவு உற்பத்தி செய்து, எந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால், எல்லைகளை மீறாமல் செலவு மிகக் குறையும் என்னும் கணக்கைப் பிரான்ஸ் தேசத்துக் கார்ப்பந்தியே 1962இல் வகுத்தார். உத்தம மின்பாய்வு என்று அதனை நாம் அழைக்கலாம். அக்கணக்கு நம் மேட்டு வீதிக்குச் சொல்லும் யோசனைகள் எளியவை: மின்மாற்றியின் படியைச் சற்றுக் குறைத்துவைப்பது, இன்வேர்ட்டர்களை எதிர்வினைத் திறனை (reactive power) உறிஞ்சச் செய்வது, மேட்டு வீடுகளின் தண்ணீர்த் தாங்கிகளுக்கு இரவில் இறைக்கும் மோட்டாரை நண்பகலில் இயக்குவது, கம்பியின் கடைசி வீட்டருகே ஒரு மின்கலத்தில் மிச்சத்தைச் சேமிப்பது. தடையே மேலோங்கிய சிறு கம்பிகளில் எதிர்வினைத் திறனின் உதவி அற்பமாதலால், பின்னிரண்டு வழிகளுமே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

ஆயினும், செலவை மட்டும் நோக்கும் கணக்கு, உற்பத்தியைக் குறைக்க நேரும்போதெல்லாம் கம்பியின் கடைசி வீட்டையே முதலில் நிறுத்தும். ஏனெனில் மின்னழுத்தம் மிகுதியும் உயர்வது அங்கேதான். கடன்பட்டுத் தகடு வாங்கிய மேட்டு வீட்டாருக்கும், மின்மாற்றியின் நிழலிலேயே வாழ்பவருக்கும் ஒரே வெயில் பொழிகிறது. ஆகவே, எல்லா வீடுகளும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்தச் சமன்பாட்டிற் சேர்த்தல் வேண்டும். அதனால் செலவு இம்மியளவு கூடினாலும், மேட்டு வீட்டின் பச்சை விளக்கு அணையாதிருப்பதற்கு அது நாம் மனமுவந்து கொடுக்கவேண்டிய விலை.

நண்பகலின் மிச்சத்தை இரவுக்குக் காக்கும் மின்கலங்களைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)