உங்களுக்குத் தெரியுமா? குடலுக்கும் ருசி தெரியும்!

ஜார்ஜ்டவுன் கடைத்தெருப் பக்கம் போனால் நாசி கண்டார் வாசம் ஆளை இழுக்கும். சாப்பாட்டை ரசிப்பது நாக்கு. வந்தது என்ன, எவ்வளவு, போதுமா என்று கணக்குப் பார்ப்பது குடல். அந்தக் கணக்கு நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வோம்.

● நாக்கில் இனிப்பை உணரும் அதே வகை ஏற்பிகள் சிறுகுடலின் உட்சுவரிலும் இருக்கின்றன. மனிதக் குடலில் இவை இருப்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே நமக்கு இனிப்பு தெரியாது. ஆனால் சீனி வந்து சேர்ந்ததை அறிந்ததும் குடல் ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்கிவிடும்.

● 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் குடலுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். அப்போதும் குடலில் அமிலம் பட்டவுடன் கணையம் சுரந்தது. செய்தியை இரத்தம் சுமந்து போயிருந்தது! அந்தச் செய்திப் பொருள்தான் செக்ரெட்டின்.

● ஒரே அளவு குளுக்கோஸை ஊசி வழியாக ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும். 1964-இல் இது நிரூபணமானது. ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு குடல் ஹார்மோன்கள் கணையத்தைத் தூண்டுவதே காரணம்.

● கோழிப் பொரியலின் புரதமும் குழம்பில் மிதக்கும் எண்ணெயும் சிறுகுடலைத் தொட்டதும் சிசிகே என்ற ஹார்மோன் வெளிவரும். இரைப்பை காலியாவதை அது மெதுவாக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கும் தெரிவிக்கும். இந்தச் செய்திகள் வலுப்பெறச் சுமார் 20 நிமிடம் ஆகும். அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால், அதற்குள் இரண்டாவது தட்டே முடிந்திருக்கும்!

● பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கும் இது, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி உயரும். தினமும் நடுநிசியில் மாமாக் கடைக்குப் போகிறவருக்கு அந்நேரம் வயிறு கிள்ளுவதில் இதற்கும் பங்குண்டு.

● குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 விழுக்காடு, கீழிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகின்றன. குடலில் உள்ள சில உணர் செல்கள் சீனியின் வருகையை இந்த நரம்புக்கு மில்லி வினாடிகளில் தெரிவிப்பதை 2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எலிகளில் கண்டது. அசல் சீனியையும் செயற்கை இனிப்பையும் இவை பிரித்தறிவதை அதே குழு 2022-இல் காட்டியது.

● வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சீனியும் கலந்த நீர் கொடுக்கிறோமே, ஏன்? குடல் சுவரில் எஸ்ஜிஎல்டி-1 என்ற புரதம் இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். தண்ணீரும் கூடவே போகும். 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலால் எண்ணற்ற காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். சாப்பிட்டபின் ஜிஎல்பி-1 சுரக்கத் தூண்டுவதிலும் இதே புரதத்துக்குப் பங்கு இருக்கிறது.

● நம் உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். 1992-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் எங், கிலா என்ற விஷப்பல்லியின் உமிழ்நீரில் அதைப் போன்ற, நீடித்து நிற்கும் பொருளைக் கண்டார். அதிலிருந்து பிறந்த இனிப்புநீர் மருந்து 2005-இல் வந்தது. இன்றைய வாரம் ஒருமுறை ஊசிகளும் ஜிஎல்பி-1-ஐப் பின்பற்றியவைதான். மருத்துவர் சொல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

● கொண்டைக்கடலை, பயறு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாகும். ஜிஎல்பி-1 சுரக்கும் செல்களை அவையும் தூண்டுகின்றன. மாலையில் ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கினால் நுண்ணுயிர்களுக்கும் தீனி!

● சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் பிறகு என்று உண்ட இனிப்புநீர்க்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாகவே ஏறியதை, 2015-இல் நியூயார்க்கில் நடந்த சிறிய ஆய்வு காட்டியது. நாசி கண்டார் தட்டிலும் இதைச் செய்யலாம். வெண்டைக்காய், முட்டைக்கோஸ், அவித்த முட்டை, மீன் முதலில். குழம்பு ஊறிய சோறு கடைசியில்.

● இனிப்புப் பானம் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். மென்று தின்னும் உணவு தரும் நிறைவை அது தருவதில்லை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள குளிர்பானங்களுக்கு மலேசியா 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்குக்கு வரியில்லை. அளவை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். ஆகவே இன்றே தொடங்குங்கள்: காயை முதலில் சாப்பிடுங்கள், நன்றாக மென்று விழுங்குங்கள், தே ஓ கொசோங் கேளுங்கள், இரண்டாவது தட்டுக்கு முன் 20 நிமிடம் பொறுங்கள்.